ஃபிளாஷ் கணக்கு: ராமநாதபுரம் கடற்கரையில் படமெடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரையில் வெளிச்சத்துக்குப் பஞ்சம் இல்லை, அப்புறம் எதற்கு ஃபிளாஷ் என்று கேட்பவர்கள் உண்டு. வெளிச்சம் அவ்வளவு இருப்பதால்தான் வேண்டியிருக்கிறது. தனுஷ்கோடியில் உச்சி வெயிலில் ஒருவரை நிறுத்திப் படமெடுத்துப் பாருங்கள். புருவத்தின் நிழலில் கண் இருக்கும் இடமே தெரியாது, மூக்கின் நிழல் உதட்டின் மேல் மீசை போல விழுந்திருக்கும். முகத்துக்கு எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு) வைத்தால் கடலும் வானமும் வெளுத்துவிடும். கடலுக்கு வைத்தால் ஆள் கருத்துவிடுவார். ரிஃப்ளெக்டர் பிடிக்கலாம்தான், ஆனால் அந்தக் காற்றில் அதைப் பிடித்து நிற்க ஒரு பயில்வான் வேண்டும்.

ஃபிளாஷ் வாங்குகிற பலர் அதைத் தானியங்கி முறையில் போட்டு, கல்யாண மேடையில் நேராக முகத்தில் அடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மெனுவைத் திறந்தால் சிங்க், டிடிஎல், ஹை ஸ்பீட் சிங்க், ரியர் கர்ட்டன், கைடு நம்பர் என்று வரிசையாக வந்து பயமுறுத்தும். உண்மையில் இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே விஷயத்தின் கிளைகள்: ஃபிளாஷ் போட்டு எடுக்கும் ஒரு படத்தில் இரண்டு எக்ஸ்போஷர்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று சூரியன், வானம், தெருவிளக்கு போன்ற சூழல் ஒளிக்கு. மற்றொன்று ஃபிளாஷ் ஒளிக்கு. இரண்டையும் தனித்தனியே கையாளத் தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் பெயர்தான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

கேமரா மேல் மாட்டும் ஃபிளாஷில் பேட்டரி, கெப்பாசிட்டர், செனான் வாயு அடைத்த சிறு கண்ணாடிக் குழாய் ஆகியவை முக்கியம். பேட்டரியின் சொற்ப வோல்ட்டை உள்ளே இருக்கும் சர்க்யூட் ஏறக்குறைய 300 வோல்ட் வரை ஏற்றி, கெப்பாசிட்டரில் நிரப்புகிறது. ஷட்டரை அழுத்தியதும் அந்த மின்சாரம் குழாய்க்குள் பாய்ந்து பளிச்சென்று ஒளியாகிறது. மறுபடி நிரம்ப ஆகும் நேரத்தைத்தான் ரீசைக்கிள் நேரம் என்கிறார்கள். முழு பவரில் அடித்தால் சில விநாடிகள் காத்திருக்க வேண்டும், சிறு பவரில் அடித்தால் காத்திருப்பே தெரியாது.

பவர் அளவுகள் 1/1, 1/2, 1/4, 1/8 என்று பாதி பாதியாக 1/128 வரை இறங்கும். ஒவ்வொரு பாதியும் ஒரு ஸ்டாப்; ஒளி பாதியானாலும் இரண்டு மடங்கானாலும் அது ஒரு ஸ்டாப் வித்தியாசம். பவரைக் குறைத்தால் ஃபிளாஷ் மங்கலாக எரிகிறது என்று நினைக்கத் தோன்றும். இந்தச் சிறிய ஃபிளாஷ்களில் நடப்பது வேறு. எரியும் நேரத்தை முன்கூட்டியே வெட்டிவிடுகிறார்கள். முழு பவரில் ஒளி ஏறத்தாழ 1/1000 விநாடி நீடிக்கும் என்றால், 1/128-ல் அது 1/20000 விநாடியைவிடவும் குறுகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் நீர்த்துளியை உறைய வைக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

முதல் படி: இரண்டு எக்ஸ்போஷரையும் பிரித்துப் பார்ப்பது

ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தாலும் 1/200 விநாடி திறந்திருந்தாலும், ஃபிளாஷ் அதற்குள் எங்கோ ஒரு நொடிப்பொழுதில் எரிந்து அணைந்துவிடுகிறது. ஆகவே ஷட்டர் வேகம் ஃபிளாஷ் ஒளியைத் தொடுவதே இல்லை, சூழல் ஒளியை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. ஃபிளாஷின் பவரும், ஃபிளாஷுக்கும் ஆளுக்கும் உள்ள தூரமும் சூழல் ஒளியைத் தொடாது. லென்ஸின் திறப்பான அப்பர்ச்சர், சென்சாரின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓ இரண்டும் இரு ஒளிக்கும் பொது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு மாலையில் செய்து பார்ப்பது நல்லது. அரியமான் கடற்கரை அதற்குத் தோதான இடம். சூரியன் மறைந்த பிறகு, ஒரு நண்பரை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். அவருக்குப் பின்னால் வானம் இருக்கட்டும். கேமராவை மேனுவல் முறையில் ஐஎஸ்ஓ 200, அப்பர்ச்சர் எஃப் 5.6-ல் வையுங்கள் (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும்). ஃபிளாஷையும் மேனுவலில் 1/16 பவருக்குக் கொண்டுவாருங்கள், ஃபிளாஷ் தலையின் ஜூம் 35 மி.மீ. இப்போது ஷட்டரை மட்டும் 1/200, 1/100, 1/50, 1/25 என்று மாற்றி நான்கு படம் எடுங்கள். நண்பரின் முகம் நான்கிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வானம் மட்டும் கரும் நீலத்திலிருந்து வெளிர் நீலத்துக்கு ஏறிக்கொண்டே போகும். அடுத்து ஷட்டரை 1/100-ல் விட்டுவிட்டு ஃபிளாஷ் பவரை மட்டும் மாற்றுங்கள். வானம் அசையாது, முகம் மாறும்.

இது கைக்கு வந்துவிட்டால் இந்தக் கட்டுரையின் பாதி முடிந்தது.

இரண்டாம் படி: கைடு நம்பர்

ஃபிளாஷ் எவ்வளவு வலிமையானது என்பதைச் சொல்லும் எண் இது. கணக்கு எளிது: அப்பர்ச்சர் எண்ணை மீட்டர் தூரத்தால் பெருக்கினால் வருவது கைடு நம்பர். திருப்பிப் போட்டால், கைடு நம்பரை அப்பர்ச்சரால் வகுத்தால் ஒளி சரியாக விழும் தூரம் கிடைக்கும்.

பெட்டியில் 60 என்று அச்சடித்திருப்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். ஃபிளாஷின் தலையை 200 மி.மீ. வரை ஜூம் செய்து, ஒளியை ஒரு குறுகிய கற்றையாக்கி, ஐஎஸ்ஓ 100-ல் அளந்த எண் அது. நாம் வழக்கமாக எடுக்கும் 35 மி.மீ. பரப்புக்கு அதே ஃபிளாஷ் 36 அளவில்தான் நிற்கும். இந்தக் கட்டுரையில் 36-ஐயே வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

பவரை ஒரு ஸ்டாப் குறைத்தால் கைடு நம்பரை 1.4-ஆல் வகுக்க வேண்டும். முழு பவரில் 36 என்றால் 1/2-ல் 25, 1/4-ல் 18, 1/8-ல் 13, 1/16-ல் 9. ஐஎஸ்ஓவை நான்கு மடங்கு கூட்டினால் கைடு நம்பர் இரண்டு மடங்காகும். ஐஎஸ்ஓ 400-ல் அதே ஃபிளாஷ் 72. இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி ஃபிளாஷின் முதுகில் ஒட்டி வைத்துக்கொள்பவர்களை நான் மதிக்கிறேன்.

கேமராவிலிருந்து எழும்பி நிற்கும் சின்ன ஃபிளாஷின் கைடு நம்பர் 12-ஐ ஒட்டி இருக்கும். எஃப் 11-ல் அது ஒரு மீட்டர் சொச்சம்தான் எட்டும். செல்போனில் இருப்பது செனான் குழாய்கூட இல்லை, ஒரு சின்ன எல்இடி விளக்கு. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தை, சாலைப் பாலத்தில் நின்று இரவில் செல்போன் ஃபிளாஷ் போட்டு எடுக்கிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். இரண்டு கிலோமீட்டர் நீளப் பாலம் அது. அந்த எல்இடி எட்டுவது தமக்கு முன்னால் இருக்கும் கைப்பிடிச் சுவர் வரைக்கும்தான். ஃபிளாஷை அணைத்துவிட்டு அந்தச் சுவரிலேயே போனை அசையாமல் ஊன்றி எடுத்தால் பாலம் கிடைக்கும்.

மூன்றாம் படி: தூரம் செய்கிற வேலை

தூரம் இரண்டு மடங்கானால் ஃபிளாஷ் ஒளி பாதியாகாது, நான்கில் ஒன்றாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. இதற்கு எதிர் இருமடி விதி என்று இயற்பியலில் பெயர்.

வல்லத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்களை, படகின் முன்முனையான அணியத்திலிருந்து நேராக ஃபிளாஷ் அடித்து எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் இரண்டு மீட்டரில், கடைசி ஆள் ஆறு மீட்டரில். முதல் ஆளுக்குச் சரியாக இருந்தால் கடைசி ஆளுக்கு ஒன்பதில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். மூன்று ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். கடைசி ஆள் இருட்டில் இருப்பார், அவருக்குச் சரியாக வைத்தால் முதல் ஆளின் முகம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி இருக்கும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது தலைவலி.

வழிகள் இருக்கின்றன. படகின் பக்கவாட்டுக்குப் போய்விட்டால் எல்லோரும் ஏறத்தாழ ஒரே தூரத்துக்கு வந்துவிடுவார்கள். அது முடியாதபோது பின்னால் நகருங்கள். ஆட்கள் இரண்டிலிருந்து நான்கு மீட்டருக்குள் இருந்தால் வித்தியாசம் இரண்டு ஸ்டாப். நீங்கள் இன்னும் இரண்டு மீட்டர் பின்வாங்கினால் அவர்கள் நான்கிலிருந்து ஆறுக்குள் வருவார்கள், வித்தியாசம் ஒரு ஸ்டாப் சொச்சமாகச் சுருங்கிவிடும். கல்யாண வீட்டில் மூன்று வரிசையாக நிறுத்தும் குடும்பப் படத்துக்கும் இதே மருந்துதான். போட்டோகிராபர் பின்னால் போய் நின்று லென்ஸை ஜூம் செய்வது இதற்காகத்தான், சோம்பலுக்காக அல்ல.

இதே விதியை உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம். கல்யாண மண்டபத்தில் பின்னணி கண்ணை உறுத்துகிறதா? ஃபிளாஷை ஆளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பவரைக் குறையுங்கள். பின்னணி தானாக இருளில் மூழ்கும்.

நான்காம் படி: சிங்க் வேகம்

ஷட்டர் என்பது இரண்டு திரைகள். முதல் திரை விலகிச் சென்சாரைத் திறக்கிறது, இரண்டாம் திரை பின்னால் வந்து மூடுகிறது. 1/200 வரை, சில கேமராக்களில் 1/250 வரை, சென்சார் முழுவதும் திறந்திருக்கும் ஒரு கணம் கிடைக்கிறது. ஃபிளாஷ் அந்தக் கணத்தில்தான் எரிய வேண்டும். அந்த எல்லைதான் சிங்க் வேகம். அதற்கு மேல் போனால் முதல் திரை முடிவதற்குள் இரண்டாம் திரை கிளம்பிவிடும். சென்சாரின் மேல் ஒரு கீற்றுதான் நகர்ந்து போகும். ஃபிளாஷ் எரியும் நேரத்தில் கீற்று எங்கே இருக்கிறதோ அந்த இடம் மட்டும் வெளிச்சமாகி, மீதி கறுப்புப் பட்டையாக வரும். படத்தில் பாதி கறுப்பாக இருந்தால் ஃபிளாஷைச் சந்தேகப்படாமல் முதலில் ஷட்டர் எண்ணைப் பாருங்கள்.

ஹை ஸ்பீட் சிங்க் இதற்கு ஒரு குறுக்கு வழி. ஃபிளாஷ் ஒரே வெடிப்பாக எரியாமல், கீற்று நகர்ந்து முடியும் வரை படபடவென்று தொடர்ந்து துடிக்கிறது. சென்சார் முழுவதற்கும் ஒளி கிடைக்கும், ஆனால் விலை அதிகம்: இரண்டு ஸ்டாப் அல்லது அதற்கு மேலும் பவர் போய்விடும். அதோடு, ஷட்டர் ஃபிளாஷைத் தொடாது என்று மேலே சொன்னது இந்த முறையில் செல்லாது. ஷட்டரை வேகமாக்க ஆக்க ஃபிளாஷ் ஒளியும் குறையும்.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷ் எரியாது, ‘ஃபிளாஷ் ரிப்பேர்’ என்று கடைக்குப் போகும் முன் அதைப் பாருங்கள். மேனுவலில் ஃபிளாஷ் போடும்போது திரை ஒரே கறுப்பாகத் தெரிந்தால் எக்ஸ்போஷர் முன்னோட்டத்தை மெனுவில் அணைத்துவிடுங்கள். 2023 இறுதியில் சோனி அறிவித்த ஏ9 III போல குளோபல் ஷட்டர் உள்ள கேமராக்களில் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் பதிவாவதால் இந்தச் சிங்க் தொல்லையே இல்லை. அதன் விலையைக் கேட்டால் சிங்க் தொல்லையே பரவாயில்லை என்று தோன்றும்.

உச்சி வெயிலில் ஓர் ஆள்: வேலையை வரிசையாக

இனி மேலே சொன்ன எல்லாவற்றையும் தனுஷ்கோடி மணலில் வைத்துப் பார்ப்போம்.

1. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200. வெயிலை அடக்கச் சிங்க் வேகத்தின் எல்லைக்கே போய்விடுகிறோம்.

2. அப்பர்ச்சர் எஃப் 11. இது எங்கிருந்து வந்தது? தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100, எஃப் 16 என்பது பழைய பிலிம் காலத்துக் கணக்கு. ஷட்டரை ஒரு ஸ்டாப் வேகமாக்கினால் அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் திறக்கலாம். மணலும் நுரையும் அதிகமாகக் கண்ணைக் கூசினால் எஃப் 13-க்குப் போங்கள். ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்து, கடலும் வானமும் நிறத்தோடு இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஆள் கருப்பாக இருப்பது இப்போதைக்குப் பிரச்சினை இல்லை.

3. சூரியன் ஆளின் முதுகுக்கோ தோளுக்கோ பின்னால் வரும்படி நிறுத்துங்கள். கண்ணைச் சுருக்காமல் நிற்பார், தலைமுடியில் ஒரு ஒளிக்கோடும் கிடைக்கும். உச்சி நேரத்தில் இது முழுதாக அமையாது, கொஞ்சம் சாய்ந்த வெயிலே நல்லது.

4. தூரக் கணக்கு. 36-ஐ 11-ஆல் வகுத்தால் 3.3 மீட்டர். அதாவது முழு பவரில் 3.3 மீட்டரில் ஃபிளாஷ் சூரியனுக்குச் சமமாக நிற்கும். அதைவிடத் தள்ளிப் போனால் தோற்கத் தொடங்கும். எட்டு மீட்டர் தள்ளி நின்று அடிக்கும் ஃபிளாஷ் இந்த வெயிலில் எரிந்ததா என்றே படத்தில் தெரியாது.

5. அதே 3.3 மீட்டரில் பவரை 1/2-க்கு இறக்குங்கள். சூரியனுக்குச் சமமாக அடித்தால் முகம் ஒட்ட வைத்தது போல இருக்கும். ஒரு ஸ்டாப் குறைவாக அடித்தால் நிழல் நிரம்பும், ஃபிளாஷ் போட்டது பார்ப்பவருக்குத் தெரியாது. இதற்குத்தான் ஃபில் ஃபிளாஷ் என்று பெயர். வெள்ளை மணலே கீழிருந்து கொஞ்சம் ஒளியை முகத்துக்கு அனுப்புவதால், சில நேரம் 1/4 கூடப் போதும்.

6. வெயிலில் கேமராத் திரையை நம்பாதீர்கள். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, படத்தின் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்.

பின்னணி மங்கலாக, எஃப் 2.8-ல் வேண்டும் என்று கல்யாண ஜோடி கேட்பார்கள். எஃப் 11-லிருந்து 2.8 நான்கு ஸ்டாப், அப்படியானால் ஷட்டர் 1/3200. அதாவது ஹை ஸ்பீட் சிங்க். பவர் விழுந்துவிடுவதால் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி ஆளுக்கு ஒன்றரை மீட்டருக்குள் கொண்டுபோக வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், மூன்று ஸ்டாப் குறைக்கும் ஒரு என்டி பில்டரை லென்ஸில் மாட்டி, 1/200-லேயே இருந்து எஃப் 4-ல் எடுப்பது மேல். பில்டர் சூரியனையும் ஃபிளாஷையும் ஒரே அளவு குறைப்பதால் 3.3 மீட்டர் கணக்கு அப்படியே நிற்கும். துடிப்பு முறையில் வீணாகும் பவரும் மிச்சம், ஃபிளாஷும் சூடாகாது.

அந்தி நேரம்

எனக்குப் பிடித்த நேரம் இது, ஃபிளாஷுக்கும் பிடித்த நேரம். சூரியனோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு வானத்தைச் சரிசெய்யுங்கள். ஐஎஸ்ஓ 400, எஃப் 4, 1/125-ல் தொடங்கி, வானம் கண்ணுக்குத் தெரிவதைவிட ஒரு ஸ்டாப் இருண்டு வரும்வரை ஷட்டரைத் திருகுங்கள். அடுத்து ஃபிளாஷ். ஐஎஸ்ஓ 400-ல் முழு பவருக்கு 72. மூன்று மீட்டரில் எஃப் 4-க்குத் தேவை 12. எழுபத்திரண்டில் ஆறில் ஒரு பங்கு, ஒளியாகக் கணக்கிட்டால் முப்பத்தாறில் ஒன்று. ஆகவே 1/32-ல் தொடங்கலாம். ஒளியை மென்மையாக்கும் குடையோ சாஃப்ட்பாக்ஸோ மாட்டினால் இரண்டு ஸ்டாப் போல விழுங்கிவிடும், 1/8-ல் தொடங்குங்கள்.

இதற்குப் பிறகு வானம் நிமிடத்துக்கு நிமிடம் இருளும். நீங்கள் தொட வேண்டியது ஷட்டர் ஒன்றைத்தான்: 1/125, 1/60, 1/30. முகத்தின் ஒளி மாறவே மாறாது. தானியங்கி முறையில் எடுப்பவர் இந்த இருபது நிமிடமும் கேமராவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

ஃபிளாஷின் நிறம் 5500 கெல்வின் அளவில், பகல் வெளிச்சம் போல இருக்கும். அந்தி நீலத்துக்கு முன்னால் அது முகத்தைச் சற்று வெளிறிப்போகச் செய்யும். சிடிஓ ஜெல் என்ற ஆரஞ்சு நிற ஒளிபுகும் தாளில் பாதி அடர்த்தி உள்ளதைத் தலையில் ஒட்டினால் மறைந்த சூரியனின் மிச்சம் முகத்தில் விழுவது போல இருக்கும். தோல் பற்றி ஒரு வார்த்தை. கடலில் வெயிலைக் குடித்த முகத்தை வெளுப்பாகக் காட்டப் பவரைக் கூட்டும் பழக்கம் நம் ஸ்டுடியோக்களில் இன்னும் இருக்கிறது. அது தவறான எக்ஸ்போஷர், வேறொன்றுமில்லை. கருத்த தோலில் படத்தைக் கெடுக்கும் பளபளப்புக்குக் காரணம் நிறம் அல்ல, உப்புக்காற்றின் பிசுபிசுப்பும் சிறிய ஒளிமூலமும்தான். ஒரு ஈரத்துண்டு கொடுத்து முகம் துடைக்கச் சொல்லுங்கள், ஒளியைப் பெரிதாக்குங்கள்.

டிடிஎல்: கேமராவே கணக்குப் போட்டால்

டிடிஎல் என்றால் லென்ஸ் வழியாக வரும் ஒளியை அளப்பது. கேனானில் இ-டிடிஎல், நிக்கானில் ஐ-டிடிஎல் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். ஷட்டர் திறக்கும் முன் ஒரு சிறு முன்வெட்டு எரிகிறது. அது ஆள் மேல் பட்டுத் திரும்பி வரும் அளவைப் பார்த்துக் கேமரா பவரைத் தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு, நம் கண்ணுக்கு ஒரே வெட்டாகத் தெரியும். சிலர் எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருப்பது இந்த முன்வெட்டால்தான்.

கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டையோடு பத்துப் பேர் நின்றால் ‘ஒளி ஜாஸ்தி’ என்று பவரைக் குறைத்துவிடும், படம் மங்கும். பட்டுச் சேலையின் சரிகையும் நகையும் நேராக ஒளியைத் திருப்பி அடித்தாலும் இதே கதை. இரவுக் கடற்கரையில் நேர்மாறு. பின்னால் இருக்கும் கடலும் வானமும் எதையும் திருப்பி அனுப்புவதில்லை, கேமரா பயந்து பவரைக் கூட்ட, முகம் எரிந்துபோகும். இங்கேதான் ஃபிளாஷ் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற பொத்தான். வெள்ளை உடைக்குக் கூட்டல் ஒன்று, இரவுக் கடலுக்குக் கழித்தல் ஒன்று என்று தொடங்குங்கள். இதையும் சாதாரண எக்ஸ்போஷர் காம்பன்சேஷனையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சில கேமராக்களில் அது சூழல் ஒளியை மட்டும் மாற்றும், சிலவற்றில் ஃபிளாஷையும் சேர்த்து மாற்றும்.

எதை எப்போது? தூரம் மாறிக்கொண்டே இருந்தால் டிடிஎல். மாப்பிள்ளை அழைப்பு, மீன் ஏலம் போன்ற இடங்களில் மேனுவலில் அடம்பிடிப்பது வீண். ஆளும் ஃபிளாஷும் ஒரே இடத்தில் நின்றால் மேனுவல். ஒருமுறை வைத்தால் நூறு படமும் ஒன்றுபோல வரும்.

இரண்டு போட்டோகிராபர்கள் வேலை செய்யும் கல்யாணத்தில் ஒரு சிக்கல் வரும். மேடை ஓரம் வைத்த உங்கள் ஸ்லேவ் ஃபிளாஷ், யார் ஃபிளாஷ் எரிந்தாலும் கூடவே எரியும். போதாததற்கு டிடிஎல் முன்வெட்டைப் பார்த்ததும் முந்திக்கொண்டு எரிந்து, நிஜப் படத்துக்குக் கைவிட்டுவிடும். பல ஃபிளாஷ்களில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு நிலை இருப்பது இதற்காக. எஸ்2 முன்வெட்டைக் கண்டுகொள்ளாது. ரேடியோ அலையால் ஃபிளாஷை எரிய வைக்கும் டிரிகர் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி மொத்தமும் தீரும்.

ஏர்வாடி சந்தனக்கூடும் இரண்டாம் திரையும்

ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு ஊர்வலம் நகர்கிறது, கூட்டில் வண்ண விளக்குகள், முன்னால் கொட்டு. சாதாரண ஃபிளாஷில் எடுத்தால் கொட்டு அடிப்பவர் முகம் இருக்கும், விளக்கும் கூட்டமும் இருட்டில் போய்விடும். ஷட்டரை 1/8 வரை மெதுவாக்குங்கள், இதுதான் ஸ்லோ சிங்க். விளக்குகள் கோடுகளாக இழுபடும், ஃபிளாஷ் பட்ட ஆள் கூர்மையாக நிற்பார்.

வழக்கமாக ஃபிளாஷ் முதல் திரை திறந்ததும் எரியும். நகரும் ஆள் முதலில் உறைந்து, கோடுகள் அவருக்கு முன்னால் போகும். பார்க்க அவர் பின்னோக்கி ஓடுவது போல இருக்கும். ரியர் கர்ட்டன் என்ற இரண்டாம் திரை முறையில் மூடுவதற்குச் சற்று முன் எரியும், கோடு பின்னால் தங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: டிடிஎல்லோடு சேர்த்தால் முன்வெட்டு ஆரம்பத்தில் ஒன்று, நிஜ வெட்டு கடைசியில் ஒன்று என இரண்டு தெரியும். நின்று போஸ் கொடுப்பவர் முதல் வெட்டிலேயே முடிந்ததென்று நகர்ந்துவிடுவார்.

நேர்மாறான வேலை வீச்சுவலை. விடியலில் வலை விரியும் கணத்தில் துளிகள் உறைய வேண்டுமென்றால் சூழல் ஒளியை இரண்டு மூன்று ஸ்டாப் கீழே தள்ளி, ஃபிளாஷை 1/16 அல்லது 1/32-ல் வையுங்கள். ஷட்டர் 1/200 தான், ஆனால் உறைய வைப்பது ஃபிளாஷின் குறுகிய எரிநேரம். பவர் குறைவு என்பதால் இதற்கு ஐஎஸ்ஓவை ஏற்றி, ஃபிளாஷை வலைக்கு அருகில் ஒருவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒளி எந்தப் பக்கமிருந்து

ஆளுக்குத் தெரியும் ஒளிமூலம் எவ்வளவு பெரிதோ, நிழல் அவ்வளவு மென்மை. அதனால்தான் ஃபிளாஷின் தலையைக் கூரைக்குத் திருப்பி அடிக்கிறோம், கூரை முழுவதும் விளக்காகிவிடுகிறது. இரண்டு மூன்று ஸ்டாப் செலவாகும். கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சைத் துணிப் பந்தலில் அடித்தால் மணப்பெண் முகமும் பச்சையாகும். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தில் கூரையே இல்லை, ஆனால் பவளக்கல் சுவர்கள் நிற்கின்றன. பக்கச் சுவருக்குத் திருப்பி அடியுங்கள், ஜன்னல் வெளிச்சம் போல வரும்.

வெட்டவெளியில் குடை என்பது கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் வீண் ஆசை. ஸ்டாண்டின் காலில் கட்டச் சாக்குப்பை கொண்டுபோனால் போதும், நிரப்ப மணல் அங்கேயே கிடைக்கும். அப்படியும் ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மீன் இறங்குதளத்தில் காரல், சூடை போன்ற வெள்ளி மீன்களை நேராக அடித்தால் வெறும் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். ஒளி விழும் கோணத்திலேயே திரும்பி வரும். ஃபிளாஷைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், ஐஸ் பெட்டியின் தெர்மோகோல் மூடியில் அடித்துத் திருப்புங்கள். அந்த மூடி பக்கத்திலேயே கிடக்கும், கேட்டால் தருவார்கள். செதிலின் நிறம் அப்போதுதான் வரும். அலைத் தூவானமும் பறக்கும் மணலும் இருக்கும்போது ஃபிளாஷ் கேமரா மேலேயே இருந்தால், லென்ஸுக்கு முன்னால் உள்ள ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகப் பதிவாகும். கையை நீட்டிப் பக்கத்திலிருந்து அடித்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கண் சிவந்து தெரிவதற்கும் இதே மருந்துதான்.

அடிக்கக் கூடாத இடங்கள்

வண்டி ஓட்டுபவர் முகத்திலும், இருட்டில் படகைக் கரைக்குக் கொண்டுவருபவர் முகத்திலும் அடிக்காதீர்கள். இருளுக்குப் பழகிய கண் திரும்ப நேரம் எடுக்கும். முட்டையிட வரும் ஆமைக்கு ஃபிளாஷ் கூடவே கூடாது. தனுஷ்கோடிப் பக்கம் வரும் பூநாரைகளுக்கு அடித்தும் பயனில்லை: தலையை முழுக்க ஜூம் செய்து 60 கிடைத்தாலும் எஃப் 5.6-ல் பதினோரு மீட்டர்கூட எட்டாது. ராமேஸ்வரம் கோயிலுக்குள் கேமராவுக்கே அனுமதி இல்லை. பாசி எடுத்துக் கரையேறும் பெண்களைக் கேட்டுவிட்டு எடுங்கள், சரி என்று சொன்ன பிறகு வரும் முகமே வேறு.

உப்பு

கடற்கரையில் ஃபிளாஷைக் கொல்வது பெரும்பாலும் உப்புதான். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். கேமராவின் ஹாட் ஷூவில் மாட்டும் ஃபிளாஷ் பாதத்தின் அடியில் உள்ள சிறு உலோகப் புள்ளிகளை மறக்க வேண்டாம், டிடிஎல் பேச்சுவார்த்தை முழுவதும் அவற்றின் வழியாகத்தான். அங்கே பச்சை படிந்தால் ஃபிளாஷ் சில நேரம் எரியும், சில நேரம் எரியாது, முழு பவரில் மட்டும் எரியும். பேட்டரிகளைக் கழற்றி வையுங்கள், நான்கையும் ஒரே செட்டாக வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை ஈரம் போகக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். கடல் நீர் உள்ளே போய்விட்டால் உடனே பேட்டரியை எடுத்துவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். நீங்களாகத் திருகைக் கழற்றாதீர்கள், அணைத்து வைத்த பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட் உட்கார்ந்திருக்கும்.